வீதியை வென்றோம், வேகத்தில் இழப்பதோ?

(கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

   

வெள்ளி விழா மேடையில் சாதனைகளைப் பாராட்டிப் பேசுவது மரபு. ஒரு கூரைக் கொட்டகையில் மாலை வகுப்பாகத் தொடங்கிய இக்கழகம், இன்று நூலகமும் போட்டித் தேர்வுப் பயிற்சி வகுப்பும் கொண்டு தலைநிமிர்ந்து நிற்கின்றது. அப்பாராட்டை எமக்கு முன் பேசிய பெருமக்கள் குறைவின்றிச் செய்துவிட்டனர். ‘இளைஞர் நலம்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்துள்ளனர். அது கடல் போன்றது. அதிலிருந்து ஒரு கையளவு நீரை மட்டும் ஈண்டு முகந்து வைக்க விழைகின்றோம். நம் வீதிகளில் இளைஞர் சிலர் நடத்தும் மோட்டார் சைக்கிள் பந்தயமே அப்பொருள்.

விழா நாளில் இது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். கல்விக் கழகம் என்பது பிள்ளைகளைத் தேர்வில் வெற்றி பெறச் செய்வதோடு நின்றுவிடுமாயின், இப்பேச்சு வேண்டுவதில்லை. பிள்ளை உயிரோடும் உடல் நலத்தோடும் வீடு திரும்ப வேண்டும் என்பதும் கல்வியின் பாற்பட்டதே எனக் கொண்டால், இதனினும் அவசரமான பொருள் பிறிதில்லை.

நாட்டு நடப்பை நோக்குவோம். சென்னையில் மெரினாவை ஒட்டிய காமராசர் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை செல்லும் வெளிவட்டச் சாலை ஆகிய இடங்களில் நள்ளிரவுப் பந்தயங்கள் நடைபெறுவதும், காவல் துறையினர் வண்டிகளைப் பறிமுதல் செய்வதும் செய்தித்தாள்களில் அடிக்கடி வருவன. புத்தாண்டுக்கு முந்தைய இரவில் மேம்பாலங்களை மூடி வைக்க வேண்டிய நிலை மாநகரில் ஏற்பட்டுள்ளது. மக்கள் வரிப்பணத்தில் கட்டிய பாலத்தை மக்களுக்கே மூட வேண்டி வந்தது யாரால் என்பதைச் சிந்தித்தல் வேண்டும்.

இந்நோய் மாநகரோடு நிற்கவில்லை. புறநகர்களுக்கும் நம்மைப் போன்ற சிற்றூர்களுக்கும் பரவிவிட்டது. சைலன்சரைக் கழற்றி எறிகின்றனர். பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியையும் கழற்றுகின்றனர். எண் பலகையை மடக்கி வைக்கின்றனர். முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ‘வீலிங்’ என்று ஓட்டுகின்றனர். புறவழிச் சாலையில் தொடங்கும் பந்தயம், பள்ளிக்கூடத் தெரு வழியாகக் குடியிருப்புக்குள்ளேயே வந்து முடிகின்றது.

இதனால் அல்லற்படுவோர் யாவர்? கார் வைத்திருப்பவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். மதில் சூழ்ந்த மனையில் வாழ்பவருக்கு ஓசை மட்டுமே தொல்லை. நம் குடியிருப்பின் நிலை வேறு. நமக்கு வீட்டின் முற்றமே தெருதான். குழந்தை விளையாடுவதும், பெண்கள் குழாயடியில் குடத்தோடு நிற்பதும், முதியோர் மாலை வேளையில் கட்டில் போட்டு அமர்வதும் தெருவில்தான். இரவுப் பணி முடித்துப் பகலில் கண்ணயரும் காவலாளியும் துப்புரவுத் தொழிலாளியும் தெருவோரக் குடிசையில்தான் உறங்குகின்றனர். மாலைப் பயிற்சி வகுப்புக்கு வரும் பெண் பிள்ளைகள், பந்தய வண்டிகள் திரியும் வழியில் வர அஞ்சுகின்றனர். “இனி மாலை வகுப்பு வேண்டாம் ஐயா, இருட்டுவதற்குள் பிள்ளையை அனுப்பிவிடுங்கள்” என்று தாய்மார் எம்மிடம் வந்து சொல்லியதுண்டு. ஒருவன் உல்லாசத்துக்காக ஓட்டும் வண்டி, ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்துகிறது என்றால், அதனை விளையாட்டு என்று எங்ஙனம் கூறுவது?

யாம் வரலாறு பயின்றவர். ஆகவே இவ்வீதி நமக்கு எப்படி வந்தது என்பதைச் சிறிது நினைவூட்ட விரும்புகின்றோம். நூறாண்டுகளுக்கு முன் நம் முன்னோர்க்குப் பொதுத் தெரு என்ற ஒன்று கிடையாது. ஊரார் நடக்கும் பாதை வேறு. நம்மவர் நடக்கும் பாதை வேறு. 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுத் தெருக்களிலும் பொதுக் கிணறுகளிலும் பொது இடங்களிலும் எவரும் தடையின்றிச் செல்லலாம் என்னும் தீர்மானம் நிறைவேறியது. அவ்வுரிமைக்காக அம்மன்றத்தில் குரல் கொடுத்தவர்களுள் இரட்டைமலை சீனிவாசனார் முதன்மையானவர். அதே ஆண்டு மார்ச் 30ஆம் நாள் திருவிதாங்கூரைச் சார்ந்த வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. தந்தை பெரியார் அங்குச் சென்று சிறைப்பட்டார். 1925 நவம்பரில் அப்போராட்டம் முடிவுற்றபோது நான்கு பக்கத் தெருக்களுள் மூன்றே திறந்துவிடப்பட்டன. ஒரு தெருவில் நடப்பதற்கு மனிதர் சிறை செல்ல வேண்டியிருந்தது என்பதை எம் மாணவர் பலர் கதை என்று கருதுகின்றனர். கதை அன்று, நம் பாட்டன்மார் காலத்து உண்மை.

தெருவுக்கு ஒரு வரலாறு உள்ளது போல் வண்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. செருப்பணிந்து ஊர்த் தெருவில் நடக்கக் கூடாது. சைக்கிளை ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டே போக வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் பல சிற்றூர்களில் நிலவின. சில இடங்களில் அவை நம் கண் முன்னே நடந்தன. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில், புல்லட் வண்டி ஓட்டியதன் பொருட்டுத் தன் கைகள் வெட்டப்பட்டன என்று நம் இனத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் முறையிட்ட செய்தி கேட்டு நாடே தலைகுனிந்தது. எனவே நம் இளைஞன் ஒரு மோட்டார் சைக்கிளை விரும்புகிறான் என்றால், அதனை ஆடம்பரம் என்று எள்ளி நகையாட யாம் ஒருப்படோம். தலைநிமிர்ந்து வண்டியில் அமர்ந்து செல்வது நமக்கு மானம் சார்ந்தது. வேலைக்குப் போகவும், நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் அது உற்ற துணை. வண்டி வாங்குங்கள், ஊர் நடுவே ஓட்டிச் செல்லுங்கள், எவருக்கும் இறங்கி வழிவிட வேண்டாம்.

ஆயின், தம்பிமார்களே! “இத்தெரு எனக்கே உரியது, நீ ஒதுங்கிப் போ” என்று அன்று ஆதிக்கக்காரன் சொன்னான். இன்று பந்தய வண்டியில் பறப்பவன், நடந்து வரும் கிழவியிடம் சொல்லாமல் சொல்லுவதும் அதுவே அன்றோ? பொதுத் தெரு எல்லார்க்கும் பொது என்று நிலைநாட்டியவர்களின் பேரர்கள், அத்தெருவிலிருந்து நம் முதியோரையும் குழந்தைகளையும் விரட்டலாமா? இதுவே யாம் இன்று கேட்க வந்த கேள்வி. மற்றவை யாவும் இதன் விரிவே.

வேகத்தின் தன்மையைப் பற்றி எம் பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் கேட்டுக் கணக்கிட்டுப் பார்த்தோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருபவன் ஓர் ஆபத்தைக் கண்டு, ஒரு நொடியில் உணர்ந்து, உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்தால், வண்டி நிற்பதற்குள் ஏறத்தாழ 21 மீட்டர் ஓடிவிடுகிறது. 80 கிலோமீட்டர் வேகமாயின் 63 மீட்டர். 100 கிலோமீட்டராயின் 90 மீட்டருக்கும் மேல். வேகம் இருமடங்கானால் மோதலின் வன்மை நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது இரண்டாவது மாடியிலிருந்து விழுவதற்கு ஒப்பு. 80 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது எட்டாவது மாடியிலிருந்து விழுவதற்கு ஒப்பு. எட்டாவது மாடியிலிருந்து குதி என்று நண்பர் கைதட்டினால் எவனாவது குதிப்பானா? ஆனால் வண்டியில் ஏறிவிட்டால் அதனையே செய்கிறான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் இருசக்கர வண்டியில் சென்றோர் 74,897 பேர். தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் மட்டும் 50,029 பேர். அவ்வாண்டு மாநிலங்களுள் மிகுதியான விபத்துகள் நிகழ்ந்தது நம் தமிழ்நாட்டில்தான். 64,105 விபத்துகளில் 17,884 உயிர்கள் போயின. நாடு முழுவதும் சாலைச் சாவுகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவை மிதமிஞ்சிய வேகத்தால் விளைந்தவை என்று அவ்வறிக்கை கூறுகின்றது.

எண்களைக் கேட்டு மனம் மரத்துப் போவதுண்டு. ஆகவே எம் பள்ளியில் பயின்ற ஒரு மாணவனைப் பற்றிச் சொல்லுகின்றோம்; பெயர் வேண்டா. தாய் சித்தாள் வேலை செய்து படிக்க வைத்தாள். பிள்ளை ஓட்டத்தில் வல்லவன். காவலர் தேர்வுக்கு நம் கழகத்தில்தான் பயின்று வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஐந்நூறு ரூபாய்ப் பந்தயத்துக்காக நண்பனின் வண்டியை ஓட்டினான். நியாயவிலைக் கடையிலிருந்து அரிசிப் பையுடன் திரும்பிய பெரியவர் மீது மோதினான். பெரியவர் அன்றிரவே மாண்டார். இவனுக்குத் தொடையெலும்பு முறிந்து, ஒரு கால் குட்டையாகிவிட்டது. ஓட்டப் பயிற்சியும் போயிற்று, வழக்கும் வந்தது. அப்பெரியவரும் நம் தெருக்காரரே. மூன்று தலைமுறையாகக் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த இரு குடும்பங்கள் இன்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இதற்கு ஈடு செய்ய எந்த இழப்பீட்டு மன்றத்தால் இயலும்?

சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைப் பெற்றோர் அறிதல் நலம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி, அரசின் இசைவின்றிப் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும் விதிக்கலாம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்து அவன் குற்றம் புரிந்தால், 199ஏ பிரிவின்படிப் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் மூன்றாண்டு வரை சிறை செல்ல நேரும். 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு நீக்கப்படும். அப்பிள்ளை 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் பெற இயலாது. கவனமின்மையால் உயிரிழப்பு நேர்ந்தால், 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை வழங்குகின்றது. உரிமம் இல்லாதவன் ஓட்டியிருப்பின், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைச் செலுத்திவிட்டு, அத்தொகையை வண்டிக்காரரிடமே திரும்ப வசூலிக்க நீதிமன்றம் ஆணையிடுவதுண்டு. நமக்கு இருப்பது ஒரு சென்ட் மனையும் ஒரு தொகுப்பு வீடும். அதுவும் கைவிட்டுப் போகும்.

இவையனைத்தினும் கொடியது ஒன்று உள்ளது. நம் சமுதாயம் ஏறி வந்த ஏணி அரசுப் பணி. அரசுப் பணியில் சேருமுன் காவல் துறை நன்னடத்தைச் சரிபார்ப்பு உண்டு. காவலர் தேர்விலோ, குற்ற வழக்கில் தொடர்புடையவன் என்றாலே வாய்ப்பு நழுவிவிடும். சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை பெற்றிருந்தாலும் அது தடையாகின்றது. ஐந்து நிமிட வேடிக்கை, ஐந்தாண்டுப் படிப்பைத் தின்றுவிடும்.

இங்கு ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். சட்டத்தின் கை எல்லார் மீதும் ஒரே கனத்துடன் விழுவதில்லை. விலையுயர்ந்த வண்டியில் கடற்கரைச் சாலையில் பறக்கும் செல்வர் வீட்டுப் பிள்ளையைச் “சிறுபிள்ளை விளையாட்டு” என்று விட்டுவிடும் உலகம், நம் பையனின் தலைமுடியையும் கால்சட்டையையும் பார்த்தே “இவன் ரௌடி” என்று முத்திரை குத்துகின்றது. 2024 மே மாதம் புனே நகரில், 17 வயதுச் செல்வர் மகன் ஓட்டிய கார் மோதி இளம் பொறியாளர் இருவர் மாண்டனர். அவனுக்கு முதலில் கிடைத்தது, விபத்தைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதுமாறு கூறிய பிணை ஆணை! நாடெங்கும் கண்டனம் எழுந்த பின்னரே அவன் கண்காணிப்பு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். நம் வீட்டுப் பிள்ளைக்குக் கட்டுரை எழுதும் வாய்ப்பு யார் தருவார்? இவ்வநீதியை எதிர்த்து நாம் பேசத்தான் வேண்டும். ஆனால் அவ்வநீதி நிலவும் வரை, அதன் வாயில் நம் பிள்ளைகளை நாமே கொண்டுபோய்த் தள்ளலாகாது.

இளைஞர் ஏன் இவ்வழி செல்லுகின்றனர்? வீரம் காட்டும் வயது, காட்டுவதற்கு இடமில்லை. நம் குடியிருப்புகளில் மைதானம் எங்கே? கபடி ஆடிய புறம்போக்கு நிலமெல்லாம் வேலி கட்டப்பட்டுவிட்டது. கையில் உள்ள கைப்பேசியோ, சாகசம் செய்பவனை வீரன் என்று நாள்தோறும் காட்டுகின்றது. அவ்வாறு படம் பிடித்துப் புகழ் ஈட்டிய இளைஞர் ஒருவர், 2023 செப்டம்பரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விழுந்தார், கைதானார், அவரது ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு நீக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் பார்த்த படத்தில் இம்முடிவு மட்டும் பின்பற்றுவோர் கண்ணில் படுவதில்லை.

பந்தயம் என்ற கலையே தீது என்று யாம் கூறவில்லை. அதற்கு உரிய களம் உண்டு. சென்னையை அடுத்த சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமானத் தளத்தில் பல்லாண்டுக் காலம் பந்தயங்கள் நடைபெற்றன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் அமைந்தது. கோவைக்கு அருகில் செட்டிபாளையத்திலும் ஒன்று உள்ளது. “அரசே சென்னைத் தெருவில் கார் பந்தயம் நடத்தவில்லையா?” என்று ஒரு மாணவன் எம்மைக் கேட்டான். நல்ல கேள்வி. 2024 ஆகஸ்டு இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி அது நடந்தது உண்மை. அங்கே சாலையை முழுவதும் அடைத்தனர். இருபுறமும் தடுப்பு அமைத்தனர். மருத்துவரும் தீயணைப்போரும் ஆயத்தமாக நின்றனர். ஓட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் பயின்றவர்கள். அவ்வழியே அரிசிப் பையுடன் எந்தப் பெரியவரும் நடந்து வரவில்லை. வேறுபாடு அங்கேதான் உள்ளது.

மற்றொன்றும் உரிமையோடு கூறுகின்றோம். ஏப்ரல் 14ஆம் நாள் அண்ணல் அம்பேத்கரின் பிறந்த நாள். அன்று நீலக் கொடி பிடித்து வண்டி ஊர்வலம் செல்வது நமக்குப் பெருமை. அவ்வூர்வலத்தில் ஒரே வண்டியில் மூவர் ஏறி, சைலன்சரைக் கழற்றி, ஒருவரையொருவர் முந்திப் பறப்பது அவருக்குச் செய்யும் மரியாதையா? அரசியல் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர் அவர். அவர் பிறந்த நாளில் சட்டத்தை மீறி, வழக்கு வாங்கி, வேலைவாய்ப்பை இழப்பது எவ்வளவு முரணான செயல்! இழவு ஊர்வலங்களுக்கும் இதுவே பொருந்தும். ஒரு சாவுக்குச் சென்று மறு சாவைக் கொண்டு வரலாகாது.

இனிச் செய்ய வேண்டுவன சிலவற்றைக் கழகத்தின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, பதினெட்டு வயது நிரம்பி உரிமம் பெறும் வரை எந்தப் பிள்ளையின் கையிலும் வண்டிச் சாவி கொடுப்பதில்லை என்று இங்குள்ள பெற்றோர் ஒவ்வொருவரும் உறுதி ஏற்க வேண்டும். பிள்ளை சோறு உண்ண மறுத்தாலும் சரியே. இரண்டு நாள் பட்டினியால் எவரும் மாளார்.

இரண்டாவது, தட்டச்சு கற்பித்ததும் கணினி கற்பித்ததும் போல, ஓட்டுநர் உரிமம் பெறும் பயிற்சியையும் கழகமே ஏற்று நடத்தலாம். உரிமம் ஒரு பிழைப்புக்கும் வழியாகும்.

மூன்றாவது, சைலன்சரைக் கழற்றித் தரும் பட்டறைக்காரர் நம்மவராகவும் இருக்கலாம். அவரிடம் பெரியோர் நால்வர் சென்று நயமாக எடுத்துரைக்க வேண்டும்.

நான்காவது, விளையாட்டு மைதானம் வேண்டி ஊராட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் இவ்விழாவின் வாயிலாகவே விண்ணப்பம் அனுப்ப வேண்டும். “ஓட்டாதே” என்று சொல்லும் வாய், “இங்கே ஓடு” என்று ஓர் இடத்தையும் காட்ட வேண்டும்.

ஐந்தாவது, விபத்து நேர்ந்தால் வேடிக்கை பார்க்காமல் 108 எண்ணை அழைக்கவும், முதலுதவி செய்யவும் நம் இளைஞர் குழு ஒன்று பயிற்சி பெற வேண்டும். விபத்துற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. அதனை அறியாமல் கடன் வாங்கி அலைந்தோர் நம்மிடையே உளர். வண்டி ஓட்டுவதில் வல்ல இளைஞர்களையே இக்குழுவில் முதலில் சேர்க்க வேண்டும் என்பது எம் விருப்பம். துணிவு உள்ளவனுக்குத் துணிவான வேலையே தர வேண்டும்.

மாணவச் செல்வங்களே! உங்களை இகழ்வதற்காக இவற்றைச் சொல்லவில்லை. முப்பதாண்டுக் காலமாக உங்களைப் போன்றோர் முகத்தில்தான் எம் வாழ்நாளைக் கண்டு வந்துள்ளோம். உங்களில் ஒருவன் வண்டியில் அமர்ந்து தலைக்கவசம் அணிந்து, பள்ளிக்கூடத் தெருவில் நிதானமாக வந்து, வழியில் நிற்கும் கிழவிக்காக வண்டியை நிறுத்தி, “பார்த்துப் போ ஆயா” என்று சொல்லுவானாயின், 1924இல் சட்டமன்றத்தில் எழுந்து பேசியவர்களின் உழைப்பு வீண் போகவில்லை என்று யாம் கொள்வோம். வீதி நம்முடையது. அதில் நடக்கும் எல்லாருடையதும்கூட. பொன் விழாவை இக்கழகம் கொண்டாடும் நாளில், இங்கு அமர்ந்திருக்கும் ஒவ்வொரு மாணவனும் முழு உடலோடும் நற்பெயரோடும் இம்மேடையில் ஏறி நிற்க வேண்டும் என்று வாழ்த்தி, எம் உரையை நிறைவு செய்கின்றோம்.